கவ்ரில் யாருக்குச் சமாதானம் சொல்வார்

தும்ப்ரவா ஊரில் மனந்திரும்பினவர் ஒருவர் விசுவாசத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளப் போதகரிடம் போக வேண்டியதில்லை. காலையில் ஆராத் நகரத்துக்குப் போகும் வேனில் ஏறினால் போதும். ஓட்டுநர் இருக்கையில் கவ்ரில் இருப்பார். ஏறுகிறவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். "சமாதானம்" என்றார் என்றால் நீங்கள் நல்லபடியாக இருக்கிறீர்கள். "வணக்கம்" என்றார் என்றால் எங்கேயோ சறுக்கியிருக்கிறீர்கள், அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது.

எங்கள் சபையாருக்குள் சமாதானம் சொல்வதும் வெளியாருக்கு வணக்கம் சொல்வதும் இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் உள்ள வழக்கம்தான். தவறு செய்த ஒருவரைச் சபை ஒழுங்கில், அதாவது தண்டனையில் வைத்தால் அவருக்கும் வணக்கம்தான், மறுபடி சேர்த்துக்கொள்ளும் வரை. ஆனால் அதற்கு மூப்பர்கள் கூட வேண்டும், ஜெபிக்க வேண்டும், பேசி முடிவு செய்ய வேண்டும். கவ்ரிலுக்கு அந்த இழுபறி எதுவும் கிடையாது. வேன் கதவு திறந்து மூடுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். மத்தியானத்துக்குள் ஊருக்கும் தெரிந்துவிடும்.

இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. இருபது வயதில், ராணுவத்திலிருந்து திரும்பிய கையோடு மனந்திரும்பியவர் அவர். சபைக்குப் போவதே குற்றம் என்றிருந்த பழைய ஆட்சிக்காலம். அதற்காக டிராம் பணிமனையில் வேலை போயிற்று, அப்பா வீட்டைவிட்டுத் துரத்தினார். அதற்கு முன்பு கைநீட்டாமல் ஒரு சனிக்கிழமையைக் கூடக் கழித்ததில்லை என்று பெயர் வாங்கியவர், அதற்குப் பிறகு ஒருவரையும் அடித்ததில்லை. ஆட்சி மாறியதும் ஒரு பழைய வேனை வாங்கினார். சபையில் அவரை உதவிக்காரர் ஆக்கினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் அப்பத் தட்டை ஏந்தி வருவது அவர்தான். ஊரில் பாதிப் பேரைத் தினமும் ஏற்றி இறக்குகிறவருக்கு யார் மேல் என்ன வாசனை வருகிறது, யார் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகுமா? லிதியா என்ற பெண் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தபோது பல வாரம் வணக்கம்தான் கிடைத்தது. அவள் அழுதுகொண்டே வேலைக்குப் போனாள். பெண்கள் வேன் வருகிற சத்தம் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஆண்கள் புதினா இலையை மெல்லுவார்கள், ஆனால் புதினா வாசனை வந்தாலே கவ்ரிலுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இவ்வளவுக்கும் மனிதர் நிம்மதியாக இருந்தாரா என்றால் இல்லவே இல்லை. ஸ்டியரிங்கின் மேல் விரல்கள் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். ஜெபத்தில் முழங்கால் போட்டால் மனம் டயரில் காற்று குறைவதைப் பற்றி யோசிக்கும். வேதத்தைத் திறந்தால் கொட்டாவி வரும். முன்னால் போகிற லாரி வழிவிடாவிட்டால் தொண்டை வரை ஏதோ ஏறிவரும், பல்லைக் கடித்து விழுங்குவார். இத்தனை வருடத்தில் நான் வளர்ந்திருக்கிறேனா, இல்லை எனக்கு வயது மட்டும்தான் ஆகியிருக்கிறதா என்ற கேள்வி அவரை விட்டதில்லை. அந்தக் கேள்வி அரிக்கும்போதெல்லாம் அடுத்தவரை இன்னும் கூர்மையாகப் பார்ப்பார். அது கொஞ்ச நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும்.

அப்படிக் கூர்மையாகப் பார்க்கப்பட்டவர்களில் முதன்மையானவன் சகரியா. மர அறுவை ஆலையில் வேலை. நாற்பது வயதுக்குள் ஒரு குளத்தைக் குடித்துத் தீர்த்தவன். பெண்டாட்டி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் சபைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான், அதிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. ஞானஸ்நானம் கேட்டான். மூப்பர்கள் கவ்ரிலிடம்தான் கேட்டார்கள், "நீங்க தினமும் பாக்கறீங்க, ஆள் எப்படி?" என்று.

"இன்னும் பழுக்கலை" என்றார் கவ்ரில்.

ஈஸ்டருக்கு முன்பு அப்படிச் சொன்னார். கோடையிலும் அதையே சொன்னார். காரணம் கேட்டவர்களிடம், "கை இன்னும் நடுங்குது. கண்ணு ஒரு இடத்துல நிக்கல. பொறுங்க" என்பார்.

சகரியாவோ தினமும் காலையில் வேன் ஏறும்போது முகம் மலர, "சமாதானம், பிரதர் கவ்ரில்!" என்பான்.

"வணக்கம், நண்பரே."

நண்பர் என்பது எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்காதவருக்குக் கொடுக்கும் பட்டம். கேட்க அன்பாகத்தான் இருக்கும், வாசலுக்கு வெளியே நில் என்று அர்த்தம்.

வேனில் பாலாடைக்கட்டி விற்கப் போகும் வெத்தூரியா எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல, ஊரின் பழைய பெரிய கோயிலுக்குப் போகிறவள். அவள் சும்மா இருக்க மாட்டாள். "ஏன்யா கவ்ரில், அந்த மனுஷனுக்கு ஒரு சமாதானத்தைக் கொடுத்தாதான் என்ன? உன் பாக்கெட்லேருந்தா போகுது?"

"உனக்குப் புரியாது, வெத்தூரியா."

"எனக்குப் புரிஞ்சிருந்தா நானும் உன்னை மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன்!"

அக்டோபரில் மறுபடி ஞானஸ்நான ஆராதனை வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மூப்பர்கள் கூடி யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. ஆராத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு பளபளக்கும் கார் குறுக்கே பாய்ந்து நின்றது. கவ்ரில் பிரேக்கை மிதித்தார். வெத்தூரியாவின் பாலாடைக்கட்டிகள் முன்னால் உருண்டன. காரிலிருந்த இளைஞன் கண்ணாடியை இறக்கி, நடுவிரலைக் காட்டிவிட்டுச் சிரித்தான்.

கவ்ரிலின் வாயிலிருந்து வந்தது ராணுவத்தில் கற்ற வசவு. அந்த இளைஞனின் தாயில் தொடங்கி, செத்துப்போன அவன் முன்னோர்களை எழுப்பி, அவர்கள் வீட்டு ஈஸ்டர் மெழுகுவர்த்தியில் போய் முடிந்தது; இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் வசவு கிடையாது. ஒரு சொல் கூடத் திக்காமல், நேற்றுத்தான் கற்றுக்கொண்டது போல வந்தது.

 வெத்தூரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யப்பா! எங்க வீட்டுக்காரருக்கே இவ்வளவு நீளமா வராதே! மனந்திரும்பினவங்ககிட்ட நல்ல சரக்கு இருக்கு!"

அன்று வேனில் எங்கள் சபை ஆட்கள் யாரும் இல்லை. சகரியாவைத் தவிர. அவன் முன் இருக்கையில் உட்கார்ந்து, கவ்ரிலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஆலை நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனான்.

மறுநாள் அவன் வேனுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.  சனிக்கிழமை மூப்பர்களிடம் சொல்லப்போகிறான், நிச்சயம் சொல்லத்தான் போகிறான் என்று கவ்ரில் நினைத்தார். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனே என்றும் நினைத்தார். சொல்லாமல் இருந்தால்? அப்போது அதை வைத்துக்கொண்டு பேரம் பேசுவான், நீ எனக்குப் பழுத்தாச்சு என்று சொல்லு, நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்பான். இப்படி ஒருவனுடைய மௌனத்தையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டே வேனை ஓட்டியதில் ஒரு நிறுத்தத்தையே தாண்டிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் போதகர் கோர்னெல் அறிவித்தார். "நண்பர் சகரியா ஞானஸ்நானம் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டார். அவருக்காக ஜெபிப்போம்."

கூட்டம் முடிந்ததும் வாசலில் மூத்த மூப்பர் எரேமியா கவ்ரிலின் தோளைத் தட்டினார். "நீங்க முதல்லயே சொன்னீங்க. உங்க கண்ணு தப்பாதுய்யா! நாங்க அவசரப்பட்டு முழுக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கவ்ரில் தொப்பியைக் கூட எடுக்காமல் அங்கிருந்து ஓடாத குறையாக வீடு வந்து சேர்ந்தார். ஆபத்து நீங்கிவிட்டது, வெத்தூரியாவே சொன்னாலும் சபையில் வெளியாள் பேச்சை யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பினார், மறுபடி எழுந்தார்.

மனைவி மினொதோரா அடுப்பில் சோளக்களி கிளறிக்கொண்டிருந்தாள். "என்னங்க, நாற்காலியில முள்ளா இருக்கு?"

அவர் சொல்லிவிட்டார். வேன், கார், வசவு, சகரியா, எரேமியா தட்டிய தோள் வரை.

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "இதுக்கா இந்த ஆட்டம்? முப்பது வருஷமா நீங்க பல்லைக் கடிக்கிற சத்தத்தை நான் கேட்டுட்டுதானே இருக்கேன். கடிச்ச பல்லுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் ஒரு நாளும் சொல்லல?"

"சொன்னா எனக்கும் வணக்கம் வச்சிருப்பீங்க" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள், சிரிப்பு வரவில்லை. பிறகு களியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஆளு குடிக்க ஆரம்பிச்சுருவான்ங்க. போயிப் பாருங்க."

மறுநாள் பிற்பகல் கடைசி நடையை முடித்ததும் வேனை நேராக சகரியா வீட்டுக்கு விட்டார். சகரியா முற்றத்தில் பீப்பாயில் முட்டைக்கோஸை உப்புப் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பலகையில் ஒரு பாட்டில் பிளம் சாராயம். மூடி இன்னும் திறக்கவில்லை. கவ்ரிலின் கண் அதன் மேல் போனதை அவனும் பார்த்தான்.

"பக்கத்து வீட்டுக்காரர் கொண்டாந்தது. மோந்து பாருங்க வேணும்னா, நான் தொடல. இன்னும் தொடல."

கவ்ரிலுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கோஸை எடுத்து அதன் வெளி இலைகளை உரித்தார். "ஏன் வேண்டாம்னு சொல்லி அனுப்பின?"

"நீங்கதானே பழுக்கலைன்னீங்க."

"விளையாடாதே. அன்னைக்கு வேன்ல..."

"கேட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

சகரியா நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "இதைக் கேக்கத்தான் வந்தீங்களா, அண்ணே?"

கவ்ரிலுக்கு மானம் போய்விட்டது போலிருந்தது. ஆமாம், அதைக் கேட்கவும்தான் வந்திருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லல. எனக்குக் கோவம் இல்ல, பயம்" என்றான் சகரியா. ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "காலைல கண்ணு முழிச்சதும் எனக்கு முதல்ல அந்த பாட்டில் நெனப்புத்தான் வருது. சாமி நெனப்பு அப்புறம்தான். சரி, போகப் போகச் சரியாயிரும், கவ்ரில் அண்ணன் மாதிரி ஆயிட்டா அந்த நெனப்பே வராதுன்னு எனக்கு நானே சொல்லிப்பேன். நீங்க வணக்கம் சொன்னாலும் பரவால்ல, என்னைக்காவது ஒரு நாள் மாத்திச் சொல்லுவாருன்னுதான் தினமும் குடிக்காம வேன் ஏறினேன். அன்னைக்கு அந்த வார்த்தை உங்க வாயிலேருந்து முழுசா வந்துச்சு பாருங்க. அட, இவருக்குள்ளயும் ஒண்ணும் சாகலையேன்னு தோணிருச்சு. உங்களுக்கே சாகலைன்னா எனக்கு எப்பண்ணே சாகும்?"

கவ்ரில் கோஸை உரித்துக்கொண்டே இருந்தார். இலை இலையாக உரித்து, கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போன பிறகுதான் பேசினார்.

"சாகாதுன்னு நெனக்கிறேன். நான் கட்டித்தான் போட்டு வச்சிருக்கேன், இத்தனை வருஷமும்."

"கட்டியா?"

"ஆமா."

"அவுந்துக்கிட்டா?"

"மறுபடி புடிச்சுக் கட்டணும். வேற என்ன செய்யறது?"

 சகரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டறது எனக்கும் தெரியுமே அண்ணே! தினம் அதைத்தானே செய்யறேன். நீங்க அதைக் கொன்னுட்டீங்கன்னுல்ல நெனச்சேன். இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நாளைக்கு மூப்பர் கூட்டத்துக்கு வா."

"வந்தா அந்த வசவைப் பத்தியும் நீங்க சொல்லிருவீங்க. சொன்னா உங்க பேரு போகும். வேண்டாம்ணே."

"வாடான்னா வா!" என்று கத்தினார் கவ்ரில். கத்தியதும் இருவருமே கொஞ்சம் பயந்துபோனார்கள். சகரியா பாட்டிலை எடுத்து, பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் புல்லில் வைத்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை மூப்பர்களுக்கு முன்னால் கவ்ரில் எழுந்து நின்று, வேனில் வசவு பேசியதைச் சொன்னார். போதகர் கோர்னெல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எரேமியாதான் கேட்டார்.

"எந்த வசவு, பிரதர்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"பலதும் தெரிஞ்சதுதான். எவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சாதானே நாங்க முடிவு செய்ய முடியும்?"

"அந்த... மெழுகுவர்த்தி வர்றது."

"ஐயோ" என்றார் எரேமியா. போதகருக்கு இருமல் வந்தது.

முடிவு சொல்ல வெகுநேரம் ஆகவில்லை. உதவிக்காரர், அதுவும் வெளியார் காது கேட்க. கிறிஸ்துமஸ் வரை சபை ஒழுங்கு. தட்டு ஏந்தக் கூடாது, திருவிருந்தில் பங்கு கிடையாது. கவ்ரில் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே, உள்ளே ஒரு மூலையில் அவர் வேறொன்றை எதிர்பார்த்திருந்தார். இவ்வளவு தாழ்மையாக வந்து ஒப்புக்கொண்டவரை அணைத்துக்கொள்வார்கள், இதுவல்லவா முதிர்ச்சி என்று யாராவது சொல்வார்கள் என்று. அப்படி எதிர்பார்த்தேனே என்பதுதான் தண்டனையைவிட அவருக்கு அதிகமாகச் சுட்டது.

"சரி, சகரியா விஷயம்" என்றார் எரேமியா. "மறுபடி கேட்டு வந்திருக்கார். பழுத்தாச்சா?"

"தெரியல."

"இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சே!"

"அப்பவும் தெரியல ஐயா. சொல்லிக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான்."

மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் முறையாக அவர்களே சகரியாவை உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்துப் பேசினார்கள். அரை மணி நேரம் கழித்து, சபைக்கு முன் வைக்கலாம் என்று எழுந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, கவ்ரில் சபை வாசலில் கால் வைத்ததும் லிதியா எதிரே வந்தாள். முடி இப்போது தோள் வரை வளர்ந்திருந்தது. "வணக்கம், கவ்ரில்" என்றாள் உரக்க. பல மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது அது. சொல்லி முடித்ததும் அவளுக்கே என்னவோ போலாகி, முக்காட்டைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு வந்த ஒவ்வொருவரும் வணக்கம் சொன்னார்கள். சிலர் வருத்தத்தோடு, சிலர் சர்க்கரை தின்பது போல. கவ்ரில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று கதவைப் பார்த்தார்.

சகரியாவைச் சேர்த்துக்கொள்ளச் சபை கை தூக்கியது. பிரசங்க மேடைக்கு அடியிலுள்ள தொட்டியில், வெள்ளை அங்கி போட்ட சகரியாவைப் போதகர் முழுக்கினார். இருமிக்கொண்டே எழுந்தான், மூக்கில் தண்ணீர் போய்விட்டது. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் பாடினார்கள்.

உடனே திருவிருந்து. புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்கள் முதல் பெஞ்சில் உட்கார வேண்டும், அப்பம் முதலில் அவர்களுக்குத்தான் வரும். உடை மாற்றிக்கொண்டு, தலையில் ஈரம் சொட்ட வந்த சகரியா முதல் பெஞ்சைத் தாண்டி நடந்தான். வழி தெரியவில்லை போலிருக்கிறது என்று ஒருவர் கையைக் காட்டினார். அவன் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து கவ்ரிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இங்க என்னடா பண்ற? முன்னாடி போ" என்று கிசுகிசுத்தார் கவ்ரில்.

"இங்கதான் எனக்குப் பழக்கம், அண்ணே."

கவ்ரில் ஏந்த வேண்டிய தட்டை அன்று எரேமியா ஏந்தி வந்தார். வரிசை வரிசையாகக் கடந்து கடைசி பெஞ்சுக்கு வந்தார். கவ்ரிலைத் தாண்டிக் கையை நீட்டி, சகரியாவின் முன்னால் தட்டைப் பிடித்தார்.

"எடு தம்பி. இது உனக்கு முதல் விருந்து."

சகரியா கையை நீட்டவில்லை. "அண்ணன் எடுக்கிற அன்னைக்கு நானும் எடுத்துக்கறேன், ஐயா."

"கர்த்தரோட விருந்தை வேண்டாம்னு சொல்றதா? அது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா?"

"தெரியாது ஐயா. நான் இன்னைக்குத்தானே வந்தேன்."

"எடுத்துத் தொலைடா முட்டாளே" என்று பல்லைக் கடித்தார் கவ்ரில். "எனக்காக யாரும் பட்டினி கிடக்க வேண்டாம்!"

சகரியா தலையை மட்டும் ஆட்டினான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான், ஆனாலும் அவற்றின் நடுக்கம் பெஞ்சு முழுவதும் தெரிந்தது. முன் வரிசைகளில் தலைகள் திரும்பின. ஒருவர், "என்ன அன்பு பாருங்க" என்றார். பக்கத்திலிருந்தவர், "அன்பா? கீழ்ப்படியாமை. இவனைப் போய் முழுக்கினோமே" என்றார். எரேமியாவுக்கு எதுவும் விளங்கவில்லை. வழக்கம்போலத் தன்னையறியாமல் கவ்ரிலைத் திரும்பிப் பார்த்தார், இது எதில் சேர்த்தி, நீங்களே சொல்லுங்கள் என்பது போல.

கவ்ரில் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். எரேமியா தட்டோடு அங்கேயே நின்றார்.